சபாபதி, பூராடம், தனுசு

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இவருடைய அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில் செய்வது என்று ஒருவழியாக முடிவாகிவிட்டது. எங்கே தங்குவது என்பதில்தான் வீடு ரெண்டுபட்டுக் கிடக்கிறது.

நான் சன்னதித் தெரு விடுதி என்கிறேன். என் அப்பா அம்மாவுக்கு அங்கேதான் நடந்தது. முற்றம் வைத்த பழைய வீடு. கீழே ஹோமம், மாடியில் அறைகள், பின்கட்டில் சமையல். போன் பண்ணினால் எத்தனை பேர் என்று கேட்க மாட்டார்கள், "எத்தனை இலை?" என்றுதான் கேட்பார்கள். விடுதிக்கென்றே ஒரு குருக்கள் இருக்கிறார். முறை தவறாது.

இவரோ ரிசார்ட் என்கிறார். தரங்கம்பாடிப் பக்கம், கடலோரமாம். யார் பேசுகிறது பாருங்கள்! எந்த ஊருக்குப் போனாலும் மடமா சத்திரமா என்று தேடிப் போய்ப் பாயை விரிக்கிற மனுஷன். பழனியில் ஃபேன் வைத்த ரூம் கேட்டதற்கு, "ஃபேனைப் பார்க்க வந்தோமா, சாமியப் பார்க்க வந்தோமா?" என்று என்னை வெயிலில் நிற்க வைத்தவர். இப்போது நீச்சல்குளம் கேட்கிறது.

"ஹோமம் கீமம்லாம் வேணாம் கோகிலா. கடற்கரையில ஆளுக்கொரு மாலையப் போட்டு, ரெண்டு போட்டோ எடுத்துட்டு வந்துரலாம்."

"போட்டோதான் வேணும்னா நம்ம தெரு ஸ்டூடியோ போதாதா? அதுக்கு எதுக்கு திருக்கடையூரு?"

இவர் எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். மழை பெய்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்று பெங்களூரிலிருந்து பிருந்தா கேட்கிறாள். பெற்ற மகளுக்குத் தெரியாததா? மறுபடியும் சொன்னேன்.

எங்கள் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தபோது பத்துக்கு ஒன்பது பொருத்தம். ஜோசியரே வாயைப் பிளந்தார். ஆனால் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்கு அறுபது நெருங்கும்போது ஒரு கண்டம் இருக்கு, தாண்டிட்டா தொண்ணூறு" என்று சொல்லிவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற என் காதில் விழுந்தது. அன்று வயிற்றில் கட்டிய நெருப்பு. முப்பத்திரண்டு வருஷமாகத் திங்கட்கிழமை தவறாமல் ஈஸ்வரன் கோயிலில் இவர் பேருக்கு அர்ச்சனை. சபாபதி, பூராடம், தனுசு. புருஷன் பேரை வாயால் சொல்லாத எங்கள் வீட்டு வழக்கத்தில், நான் இவர் பேரைச் சொல்லும் ஒரே இடம் அந்தச் சன்னிதிதான்.

எமனையே எட்டி உதைத்த சாமி இருக்கிற ஊரில் ஹோமம் பண்ணாமல் மணலில் நின்று போட்டோ எடுப்பதா? நன்றாக இருக்கிறது கதை.

"சண்டை வேணாம்மா, பகல்ல விடுதி, ராத்திரி ரிசார்ட்" என்கிறாள் பிருந்தா. இவளை வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்கலாம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

மாவு அரைத்தேன். கேஸ் தீர்ந்தது. சாயங்காலம் கோயில்.

வழக்கம்போல் இவரும் வந்தார், வழக்கம்போல் நந்தி பக்கமே நின்றுவிட்டார். அர்ச்சனை நேரத்தில் மட்டும் இவருக்கு எங்கிருந்தோ கோபுரத்துப் புறா கண்ணில் பட்டுவிடும். எத்தனை தடவை சொன்னாலும் உள்ளே வர மாட்டார்.

புதிதாகப் பூ விற்கிற அம்மா, "தம்பிக்கு வேண்டுதலாக்கா?" என்று கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தம்பி இல்லம்மா, வீட்டுக்காரர். அவருக்கு அறுபது, எனக்கு ஐம்பத்தெட்டு" என்று சத்தமாகவே சொன்னேன். டிராயிங் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆன மனுஷனுக்குத் தலையில் ஒரு பிடி நரைகூட இல்லை. எனக்குத்தான் மருதாணி கிலோக்கணக்கில் செலவாகிறது. என் தலையெழுத்து.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மணப்பாறையிலிருந்து நாத்தனார் தனபாக்கியம் வந்திருக்கிறார். இவருக்கு மூத்தவர், மிச்சமிருக்கிற ஒரே கூடப்பிறப்பு. குளிக்காமல் காப்பி தொடாதவர், ஓட்டல் தண்ணீர் குடிக்காதவர். ஆகவே என் பக்கம் ஒரு ஓட்டு நிச்சயம் என்று இருந்தேன்.

"அவன் ஆசைப்படுறான்ல, ரிசாட்டுக்கே போயிரலாமே கோகிலம்" என்றாரே பார்க்கணும்! கையிலிருந்த கரண்டி நழுவியது.

"அண்ணி, அங்க குளத்துல ஆம்பள பொம்பள எல்லாரும் ஒண்ணா குளிப்பாங்களாம்."

"குளிச்சா குளிச்சிட்டுப் போறாங்க. நமக்கென்ன?"

சாயங்காலம் அடுக்களையிலிருந்து, "பிச்சை, காப்பி ஆறுது பாரு" என்று குரல் கொடுத்தார். இவர் எழுந்து போய் வாங்கிக்கொண்டார். யாரது பிச்சை என்று கேட்டேன். நாத்தனார் முகம் ஒரு மாதிரி ஆனது. "சின்னப் புள்ளைல கூப்புடுற பட்டப்பேரு. எங்க வீட்டுல எல்லாருக்கும் ஒண்ணு உண்டு" என்றார். அப்படியா, உங்களுக்கு என்ன என்று கேட்டதும் டம்ளரைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஆகஸ்ட் 29, வியாழன்

ஜெயித்துவிட்டேன். விடுதிக்கு முன்பணம் அனுப்பியாகிவிட்டது. நாற்பது இலை.

ஜாதக நோட்டைப் பட்டுப்புடவைக்கு அடியில் எடுத்து வைத்தேன். இவர் வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத எதுக்கு எடுத்து வைக்கிற?"

"குருக்கள் கேப்பாரு."

"ஆதார் போதாதா?"

"எமனுக்கு ஆதார் காட்டுவீங்களா?"

நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. மூக்கின் வலப்பக்கம் இருக்கிற அந்தச் சின்ன அம்மைத் தழும்பைத் தடவிக்கொண்டே போய்விட்டார். மனசு சரியில்லாவிட்டால் அதைத்தான் தடவுவார். ராத்திரி சாப்பிடவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

அதிர்ச்சி! இவர் போனில் ஒரு செய்தி வந்தது. அந்த ரிசார்ட்டில் பதின்மூன்றாம் தேதிக்கு ஒரு அறை போட்டு வைத்திருக்கிறார், எனக்குச் சொல்லாமல். பிருந்தா போட்டுக் கொடுத்தாளாம்.

"யாருக்கு இந்த ரூம்?"

"நமக்குத்தான். விடுதியில எனக்கு மூச்சு முட்டும் கோகிலா."

"நாப்பது பேரு நம்மளுக்காக வர்றாங்க. அவங்கள விட்டுட்டு நீங்க மட்டும் போய் ஏசில படுப்பீங்களா?"

உடம்புக்கு ஏதாவது வந்து மறைக்கிறாரோ? போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. சர்க்கரை என்னைவிடக் குறைவு. பிறகு என்ன வந்தது இந்த மனுஷனுக்கு? கண்டம் நெருங்க நெருங்க நான் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். இவர் என்னடாவென்றால் நீச்சல்குளம் பார்க்கிறார்.

செப்டம்பர் 12, வியாழன்

மதியம் விடுதிக்கு வந்து சேர்ந்தோம். எதுவுமே மாறவில்லை. அதே முற்றம், அதே பெரிய தூண்கள். வத்தக்குழம்பு வாசனை வாசல்வரை வந்து கூப்பிட்டது. பிருந்தாகூட வாழையிலையில் இரண்டாம் தடவை சாதம் கேட்டாள். நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன்.

விளக்கு வைத்ததும் குருக்கள் எல்லோரையும் கூப்பிடுகிறார். சங்கல்பத்துக்காம். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

அதே நாள்

எழுத வரவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி, காலை

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் எனக்கே நம்பிக்கை வரும்.

இந்த விடுதியில் ஒரு வழக்கம். ஹோமத்துக்கு முந்தின நாளே சங்கல்பத்தை முடித்துவிடுவார்கள். கணவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் வாயாலேயே பேரும் மாசமும் நட்சத்திரமும் மூன்று தடவை சொல்ல வேண்டும். எங்களுக்கு முன்னால் ராசிபுரத்து ஜோடி ஒன்று சொல்லிவிட்டு எழுந்தது. அடுத்து நாங்கள். சொந்தபந்தமெல்லாம் முற்றத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது.

பழக்க தோஷத்தில் நானே, "சபாபதி, ஆவணி, பூராடம், தனுசு ராசி" என்று கடகடவென்று ஒப்பித்தேன். குருக்கள் சிரித்தார்.

"உங்களுக்குத் தெரியும்மா. அம்பாளுக்கும் தெரியும். ஐயா வாயால சொல்லட்டும்."

என் கைக்குள் இவர் கை ஜில்லென்று வேர்த்திருந்தது. "சபா..." என்று தொடங்கி நிறுத்தினார். மறுபடி தொடங்கி நிறுத்தினார்.

"எனக்குத் தெரியாது சாமி."

"என்ன தெரியாது?"

"என் நட்சத்திரம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் இவர் கையைக் கிள்ளினேன். "விளையாட இது நேரமா?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பூராடம் எங்கண்ணனோட நட்சத்திரம் சாமி. சபாபதிங்கிற பேரும் அவனோடதுதான். ரெண்டு வயசுல வாந்தி பேதியில செத்துப்போனான். அடுத்த வருஷம் நான் பொறந்தேன்."

"பிச்சை! வாய மூடுடா!" என்று நாத்தனார் கத்தினார். கத்திவிட்டுத் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார்.

பின்கட்டில் யாரோ தேங்காய் துருவுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் பிடித்த கையை விடவில்லை. விட வேண்டும் என்று தோன்றவேயில்லை, அப்படி மரத்துப் போயிருந்தேன்.

மாடி அறையில் வைத்துச் சொன்னார்கள், அக்காவும் தம்பியும் மாற்றி மாற்றி. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த பின் பிறந்தவன் தங்க வேண்டுமென்று மூக்குக் குத்தி, பிச்சை என்று பேர் வைத்திருக்கிறார்கள். நான் அம்மைத் தழும்பு என்று நம்பியது மூக்குக் குத்திய இடம்! பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பிறந்த சர்டிபிகேட் கேட்டார்களாம். மாமனார் கையில் இருந்தது மூத்தவனுடையது ஒன்றுதான். அதைக் கொடுத்துவிட்டார். பிச்சை அன்றிலிருந்து சபாபதி. கல்யாணத்துக்கு ஜாதகம் கேட்டபோது இருந்ததும் அந்த ஒன்றுதான். பொண்ணு வீட்டில் சொன்னால் தொலைத்துவிடுவேன் என்று மாமனார் சூடத்தில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல?" என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது.

"மொத வாரம் நீ அர்ச்சனை பண்ணப்பவே சொல்லிருக்கணும் கோகிலா. ரெண்டாவது வாரம் சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அப்புறம் அப்படியே வருஷம் ஓடிப்போச்சு."

"இன்னிக்கி மட்டும் எதுக்குச் சொன்னீங்க?"

"வேற எங்கேயா இருந்தாலும் வாய மூடிட்டு இருந்திருப்பேன். இந்த ஊர்ல வந்து, செத்த புள்ள பேரச் சொல்லி எனக்கு எப்படி உசுரு கேக்கிறது? அதுக்குத்தான் அந்த ரிசார்ட்டுக்குப் போயிரலாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன்."

ஐயோ, ஒன்பது பொருத்தம்! யாரோடு பார்த்தார்கள்? ரெண்டு வயசில் மண்ணுக்குள் போன குழந்தையோடு. நான் தூக்கமில்லாமல் பயந்த அந்தக் கண்டம் அவனுடையது, எப்போதோ முடிந்துபோனது. இவருக்கு ஐம்பத்தேழுதான் ஆகிறது. நான் இவரைவிட ஒரு வயசு மூத்தவள். அந்தப் பூக்காரிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். முப்பத்திரண்டு வருஷமாக மழையிலும் காய்ச்சலிலும், பிருந்தாவை வயிற்றில் வைத்துக்கொண்டும், படியேறிப் படியேறிக் கேட்டேனே, அது யாருக்கு? என் புருஷனுக்காக நான் சாமியிடம் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

அதே நாள், மதியம்

காலையில் குருக்கள் வந்து கதவைத் தட்டினார். "நட்சத்திரம் தெரியாதவாளுக்கும் அம்பாள் இருக்காம்மா. ஹோமம் இல்லாட்டாலும் கலசத்தைப் பிரிக்க வேண்டாம், அம்பாள் அபிஷேகத்துக்கு வச்சுக்கலாம். என்ன சொல்றேள்?" என்றார். சரி என்றேன்.

கீழே நாற்பது பேரும் பட்டு கட்டிக்கொண்டு, துக்க வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார்கள். ஆளாளுக்குக் காதைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ.

"எல்லாருக்கும் வணக்கம். இவருக்கு இன்னும் அறுபது ஆகல. மூணு வருஷம் கழிச்சு மறுபடியும் எல்லாரும் வரணும். இப்ப இலை போட்டாச்சு, ஒக்காந்து சாப்பிடுங்க."

உட்கார்ந்தார்கள். பாயசம் வருவதற்குள் பேச்சு வடைக்குத் திரும்பிவிட்டது. என் அண்ணன் மட்டும், "மாப்பிள்ளை வீட்டார் இப்படி ஏமாத்திட்டாங்களே" என்று குதித்தான். "நான்தான் குடும்பம் நடத்தினேன், நான் குதிக்கிறேன், நீ சாப்பிடு" என்றேன்.

ஆனால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் முற்றத்தில் அத்தனை கண்ணும் மேலே பார்க்கிறது. தாழ்ப்பாள் போட்டாலும் பேச்சு உள்ளே வருகிறது. நான்தான் பிருந்தாவிடம் சொன்னேன், கார் கூப்பிடு என்று. எந்தக் கார், எங்கே என்று அவள் கேட்கவில்லை.

அதே நாள், சாயங்காலம்

ரிசார்ட். கடலைப் பார்த்த அறை. அறைக்குள் பாத்ரூமே நம் அடுக்களை அளவு இருக்கிறது. வரவேற்பில் இருந்த பெண் ஆதாரைப் பார்த்தாள், சாவி அட்டையைக் கொடுத்தாள், அவ்வளவுதான். யார், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, என்ன நட்சத்திரம் என்று எதுவும் கேட்கவில்லை. இவர் ஏன் இங்கே வரத் துடித்தார் என்று அந்த மேஜை முன்னால் நின்றபோதுதான் புரிந்தது.

மாடி அறைப் பேச்சுக்குப் பிறகு நான் இவரிடம் பேசவில்லை. இவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார், பிரம்படிக்குக் காத்திருக்கிற பையன் போல.

கதவு தட்டப்பட்டது. இரண்டு பேர் கைதட்டிப் பாட்டுப் பாடிக்கொண்டே ஒரு கேக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். ரோஸ் கலர் கிரீமில் பெரிதாக 60. அறை போடும்போதே பிருந்தா சொல்லி வைத்தது, நேற்று நடந்த களேபரத்தில் நிறுத்த மறந்திருக்கிறாள். இவர் முகம் வெளுத்துப் போனது. "எடுத்துட்டுப் போயிருங்க தம்பி" என்றார்.

"இருக்கட்டும், வச்சிட்டுப் போங்க" என்றேன்.

இன்று ஆவணிப் பூராடம். இன்று ஒருத்தனுக்கு அறுபது வயசு நிஜமாகவே ஆகிறது. அவனுக்கு யாராவது ஒரு பிறந்தநாளாவது கொண்டாடியிருப்பார்களா? பேரையும் கொடுத்துவிட்டு, நட்சத்திரத்தையும் கொடுத்துவிட்டு, என் அர்ச்சனையை எல்லாம் வாங்கிக்கொண்டு, சத்தமில்லாமல் போனவன்.

அறுபது எழுதிய துண்டை மட்டும் சதுரமாக வெட்டிக் கையில் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, "கா, கா" என்று கூப்பிட்டேன். பக்கத்து அறை வெள்ளைக்காரர் எட்டிப் பார்த்தார். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஒரு காக்கை வந்தது. கிரீமைக் கொத்திப் பார்த்துத் தலையைச் சாய்த்தது. அப்புறம் ஆசை ஆசையாகத் தின்றது. ரெண்டு வயசுக் குழந்தைக்குக் கேக் பிடிக்காமலா போகும்?

பின்னால் இவர் அழுகிற சத்தம் கேட்டது. வாய்விட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து இவர் அழுது நான் பார்த்ததில்லை. மாமியார் போனபோதுகூட அழவில்லை. நான் அழ விட்டேன். அப்புறம் மிச்சக் கேக்கில் ஒரு துண்டு வெட்டிக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன்.

"நீங்க என்னிக்கித்தான் பொறந்தீங்க?"

"தெரியாது கோகிலா. ஐப்பசி, கொட்டுற மழைன்னு அம்மா சொல்லும். தேதி யாரும் எழுதி வைக்கல. இவனும் தங்க மாட்டான்னு விட்டுட்டாங்க போல."

அதற்குமேல் என்னால் கோபமாக இருக்க முடியவில்லை. இருந்தேன், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இருந்தேன்.

ஐப்பசி 1, வியாழன்

இங்கிலீஷ் தேதி போட மனசு வரவில்லை.

காலையிலேயே எங்கள் ஈஸ்வரன் கோயிலுக்குப் போனோம். திங்கட்கிழமை இல்லாமல் நான் வந்ததில் குருக்களுக்கு ஆச்சரியம். தட்டை வாங்கிக்கொண்டு, "வழக்கம்போல சபாபதி, பூராடம், தனுசுதானேம்மா?" என்றார்.

"இல்ல சாமி. பிச்சை."

இவர் நந்தி பக்கம் நிற்கவில்லை. என் தோளுக்குப் பக்கத்தில், சன்னிதிக்கு நேரே நின்றார். மூச்சு விடுவது கேட்டது.

"நட்சத்திரம்?"

"இன்னிக்கி என்ன நட்சத்திரம் சாமி?"

"ரேவதி."

"அதையே சொல்லுங்க."

குருக்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். ஐப்பசி முழுக்கத் தினம் ஒரு நட்சத்திரமாகச் சொல்லிக்கொண்டே வந்தால், ஏதாவது ஒரு நாள் இவருடையதாக இருந்துதானே ஆக வேண்டும். அன்றைக்கு இவருக்கு நான் கேட்கிறது போய்ச் சேர்ந்துவிடும்.

நாளைக்கு அசுவினி. ராத்திரியே பூ வாங்கி வைக்க வேண்டும்.